கடனைத் தீர்த்து வைப்பவர்களும் நமக்குள்ள சட்டக் காப்பும்

(கழகத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



கல்வியும் முன்னேற்றமும் என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் முதலில் என்னைப் பணித்தனர். அப்பொருளில் என்னினும் சிறப்பாகப் பேசத் தக்கவர் பலர் இவ்வவையில் வீற்றிருக்கின்றனர். ஆதலால் கடனைப் பற்றிப் பேச இசைவு வேண்டினேன். அவர்களும் அன்புடன் இசைந்தனர். பள்ளித் தலைமையாசிரியனுக்கும் கடனுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். பிள்ளையொன்று பள்ளிக்கு வாராது நின்றுவிட்டால் பதிவேட்டில் "நீண்ட நாள் வரவில்லை" என்று எழுதுகிறோம். ஏனென்று கேட்க வீட்டுக்குச் சென்றால், பல வீடுகளில் கடன்தான் வாசலிலே உட்கார்ந்திருக்கிறது.

கடன் பற்றிய சட்டம் பெருங்கடல். அதில் ஒரு துறையில் மட்டும் இன்று இறங்குகிறேன். கடன் கொடுத்தவரைப் பற்றி நம் மக்கள் நிரம்பப் பேசியிருக்கிறார்கள். அக்கடனைத் தீர்த்துத் தருகிறேன், வட்டியைக் குறைத்துத் தருகிறேன், கெட்டுப்போன கடன் மதிப்பெண்ணைச் சரிசெய்து தருகிறேன் என்று சொல்லி நம்மிடமே கட்டணம் பெறும் இடையாளரைப் பற்றி யாரும் பேசக் காணோம். அவரால் ஏமாற்றப்பட்டவர்க்குச் சட்டத்தில் வழியுண்டா என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். உண்டு, ஒன்றல்ல, பல உண்டு. ஆயினும் முதலில் என் பிழையைச் சொல்லிவிட வேண்டும்.

2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், என்னிடம் முன்பு படித்த ஒருவர் பள்ளிக்கு வந்தார். அரிசி ஆலையொன்றில் லாரி ஓட்டுநர். மனைவியின் அறுவை மருத்துவத்துக்காக வங்கியில் 2,40,000 ரூபாயும், வீட்டுக் கூரைக்காக ஒரு நிதி நிறுவனத்தில் 60,000 ரூபாயும் கடன் பெற்றிருந்தார். மாதத் தவணை இரண்டும் சேர்ந்து 9,800 ரூபாய். கைப்பேசியில் விளம்பரம் பார்த்து, நகரத்திலிருந்த கடன் தீர்வு நிறுவனம் ஒன்றுக்குப் போயிருக்கிறார். "கடனில் பாதி கட்டினால் போதும், மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லி, ஆங்கிலத்தில் பதினொரு பக்க ஒப்பந்தம் கொடுத்திருக்கிறார்கள். "ஐயா, நீங்க ஒரு தடவை படிச்சுப் பார்த்துச் சொல்லுங்க" என்று என் மேசைமீது வைத்தார். அன்று தேர்வு முடிவு தொடர்பான பணி. முதற்பக்கத்தைப் படித்தேன், அச்சும் முத்திரையும் செம்மையாக இருந்தன, "முறையான நிறுவனமாகத்தான் தெரிகிறது, தம்பி" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். எஞ்சிய பத்துப் பக்கங்களைப் படிக்கவில்லை.

அடுத்த ஆண்டு மே மாதத்தில் மீண்டும் வந்தார். அவர் மகள் எங்கள் பள்ளியிலேயே பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றுத் தேறியிருந்தாள். கல்லூரி பற்றிக் கேட்க வந்திருக்கிறார் என்று எண்ணினேன். "பாப்பாவுக்கு டி.சி. வாங்கிக்கலாம்னு வந்தேன் ஐயா. மில்லுல வேலை சொல்லியிருக்கு" என்றார். பிறகுதான் பையிலிருந்த தாள்களை எடுத்துக் காட்டினார். சேர்க்கைக் கட்டணம் 5,000, மாதம் 3,000 வீதம் ஒன்பது மாதம், ஆக 32,000 ரூபாய் இடையாளருக்குப் போயிருந்தது. வங்கிக்கு ஒரு காசும் போகவில்லை. அவர்கள் சொன்னபடி தவணையை நிறுத்தியிருந்தார். வங்கியிலிருந்து வழக்கறிஞர் அறிவிப்பும், ஆர்பிட்ரேஷன் என்னும் நடுவர் விசாரணைக்கு அழைப்பும் வந்திருந்தன. 32,000 ரூபாய்க்கு இடையாளர் செய்த பணி, வங்கிக்கு அனுப்பிய ஒரு மின்னஞ்சல்.

இத்தொழில் எவ்வாறு நடக்கிறது என்பதை நம் மக்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒழுங்காகத் தவணை கட்டிவருபவருக்கு எந்த வங்கியும் அசலைக் குறைக்காது. 90 நாட்களுக்கு மேல் நிலுவை நின்றால்தான் அது வாராக்கடன் ஆகும். அதன் பிறகே வங்கி சமரசம் பற்றிப் பேசும். ஆகவே, கட்டிக்கொண்டிருப்பவரைக் கட்டாதவராக ஆக்குவதே இடையாளரின் முதல் வேலை. தவணைக்கென்று ஒதுக்கிய பணம் அவருக்குக் கட்டணமாகிறது. வட்டியும் அபராதமும் நம் கணக்கில் ஏறுகின்றன. வங்கிக்குக் கொடுத்த காசோலை திரும்பினால் 1881ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவின்படி குற்ற வழக்கு வரலாம். கணக்கிலிருந்து தானாகத் தவணை எடுக்கும் ஏற்பாடு திரும்பினாலும் 2007ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் 25ஆம் பிரிவில் அதேபோன்ற பொறுப்பு உண்டு. முறையான அறிவிப்புக் கிடைத்த 15 நாட்களுக்குள் பணம் கட்டிவிட்டால் அவ்வழக்கிலிருந்து தப்பலாம். அந்த 15 நாளில்தான் இடையாளர் "அதைக் கண்டுகொள்ள வேண்டாம்" என்று சொல்கிறார். இறுதியில் சமரசம் ஆனாலும், கடன் அறிக்கையில் "முழுதும் கட்டி முடித்தது" என்று வராமல் "சமரசம் செய்தது" என்றே வரும். அது பல ஆண்டுகள் நிற்கும். பெற்றோர் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்திடும் கல்விக் கடனுக்குப் போகும்போது, வங்கி அதைப் புரட்டிப் பார்க்கும். தந்தையின் கடனுக்கு மகள் கட்டும் வட்டி இது.

இத்தொழிலில் உள்ளோர் அனைவரும் வஞ்சகர் என்று நான் சொல்லவில்லை. நேர்மையாகப் பேசி முடித்துக் கொடுப்போரும் இருக்கலாம். ஆனால் அவர் விற்கும் பொருள் நமக்கு விலையின்றிக் கிடைக்கக் கூடியது. சமரசத் தீர்வுக்கான நெறிமுறைகளை 2023 ஜூன் 8 அன்று ரிசர்வ் வங்கி வகுத்துள்ளது. கடன் பெற்றவர் நேரே கிளைக்குச் சென்று எழுத்து மூலம் கேட்கலாம். மக்கள் நீதிமன்றத்தில் வழக்கு தொடுக்கும் முன்னரேகூடக் கடன் தகராற்றைப் பேசி முடிக்கலாம், அங்கே கட்டணமில்லை, அங்கு இசைந்து எழுதிய தீர்ப்பு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்புக்கு நிகரானது, மேல்முறையீடும் இல்லை. கடன் மதிப்பெண்ணைச் சரிசெய்கிறேன் என்பதும் அத்தகையதே. ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தந்தாக வேண்டும். அதில் பிழையிருந்தால் நாமே எழுதித் திருத்தக் கோரலாம். 30 நாட்களுக்குள் தீர்க்காவிட்டால், அதற்குமேல் ஆகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு என்ற விதி 2024 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ளது. அறிக்கையில் உண்மையாகவே உள்ள தவற்றை, எவ்வளவு கட்டணம் பெற்றாலும், எவராலும் அழிக்க இயலாது.

அமெரிக்க நாட்டில், தொலைபேசி வழியே கடன் தீர்வுச் சேவை விற்போர், ஒரு கடனையேனும் தீர்த்துக் காட்டும் முன் கட்டணம் பெறலாகாது என்னும் விதி 2010 அக்டோபர் 27 முதல் நடைமுறையில் உள்ளது. நம் நாட்டில் இத்தொழிலுக்கென்று தனிச்சட்டம் இல்லை. வங்கியின்மீதும் நிதி நிறுவனத்தின்மீதும் உள்ள குறையை, அவர்களிடம் முறையிட்டு 30 நாட்களில் தீராவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கொண்டு செல்லலாம். ஆனால் இடையாளர் வங்கியல்லர் என்பதால் அக்கதவு அவர் பொருட்டுத் திறவாது. பலர் அங்கே முறையிட்டுத் தள்ளுபடியானதும் சோர்ந்துவிடுகின்றனர். போக வேண்டிய இடம் வேறு.

அது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. பணம் கொடுத்துச் சேவை பெறுபவர் எவரும் நுகர்வோரே. செய்வதாகச் சொன்ன பணியைச் செய்யாமை சேவைக் குறைபாடு. பொய்யான உறுதிமொழி தந்து ஆளைச் சேர்ப்பது முறையற்ற வணிக நடைமுறை. கட்டணத்தை வட்டியோடு திருப்பித் தரவும், இழப்பீடு வழங்கவும் ஆணையம் உத்தரவிடலாம். கொடுத்த கட்டணம் 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் முறையீட்டுக்குக் கட்டணமே இல்லை. வழக்கறிஞர் இல்லாமலே நாமே நின்று பேசலாம். குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். நம் மக்கள் கோட்டைவிடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் பேசினால் நிறுவனத்தோடு தொடர்புகொண்டு முயல்வார்கள். ஆயினும் அதுவே வழக்காகிவிடாது, இரண்டாண்டுக் கணக்கும் அதனால் நின்றுவிடாது.

நான் படிக்காது விட்ட பத்துப் பக்கங்களை அந்த மே மாதத்தில்தான் படித்தேன். ஒன்பதாம் பக்கத்தில், எந்தத் தகராறு எழுந்தாலும் வேறொரு மாநிலத் தலைநகரில், அவர்கள் நியமிக்கும் நடுவர் முன்புதான் தீர்க்க வேண்டும் என்றிருந்தது. அதைக் காட்டியதும் அவர் முகம் வாடிவிட்டது. எனக்கும் வழி தோன்றவில்லை. பின்னர் ஒரு வழக்கறிஞர் நண்பர் விளக்கினார். இத்தகைய நடுவர் நிபந்தனை நுகர்வோர் ஆணையத்தின் கதவை அடைத்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரிலேயே தெளிவுபடுத்தியிருக்கிறது. அன்றியும், முறையிடுபவர் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே முறையிடலாம் என்று 2019ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பழைய 1986ஆம் ஆண்டுச் சட்டத்தில் இவ்வசதி இல்லை. ஒரு நாள் கூலியை இழந்தால் வீட்டில் அடுப்பு எரியாது என்னும் நிலையிலுள்ளவர்க்கு இம்மாற்றம் எத்துணைப் பெரிது என்பதை நான் விரிக்க வேண்டியதில்லை.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. இடையாளர்களில் சிலர் தம்மை வழக்கறிஞர் என்று சொல்லிக்கொள்கின்றனர். உண்மையிலேயே வழக்கறிஞராயின், அவர் தொழில்முறையில் செய்யும் பணிக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்று 2024 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. அவர்மீது வழக்கறிஞர் மன்றத்தில், அதாவது பார் கவுன்சிலில், முறையிட வேண்டும். வழக்கறிஞர் விளம்பரம் செய்து ஆள் சேர்ப்பதே அவர்தம் விதிகளுக்கு மாறானது. வழக்கறிஞர் அல்லாதவர் அப்பெயரில் நீதிமன்றத்தில் தொழில் செய்வாராயின் 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டப்படி அது தண்டனைக்குரியது. ஆகவே முதலில் பதிவு எண்ணைக் கேளுங்கள். தொடக்கத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணத்தோடு பணம் பெற்றது தெரிந்தால் காவல் நிலையத்தில் மோசடிப் புகார் கொடுக்கலாம். முன்பு 420 என்று பெயர் பெற்றிருந்த அக்குற்றம், 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவில் இருக்கிறது. கைப்பேசி வழியே பணம் பறிபோயிருந்தால் காலந்தாழ்த்தாது 1930 என்னும் எண்ணுக்குச் சொல்ல வேண்டும்.

இனி, நம் மக்களுக்கென்றே உள்ள ஒன்றைச் சொல்கிறேன். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவு, பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோர்க்கு வருமான வரம்பு ஏதுமின்றி இலவச சட்ட உதவி உரிமையென்று வகுத்திருக்கிறது. ஏழையென்று மெய்ப்பிக்க வேண்டியதில்லை. வருமானச் சான்று தேவையில்லை. நீதிமன்றத்துக்கு மட்டுமன்றி, நுகர்வோர் ஆணையம் போன்ற அமைப்புகளின் முன் நடக்கும் வழக்குக்கும் இது பொருந்தும். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும், வட்ட நீதிமன்றத்தில் வட்டக் குழுவும் இருக்கின்றன. வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். 15100 என்னும் எண்ணிலும் பேசலாம். அரசு கட்டணம் கொடுக்கும் வழக்கறிஞர் ஒருவர் நமக்காக நிற்பார்.

இதை அவரிடம் சொல்லி, விண்ணப்பத்தோடு சாதிச் சான்றிதழ் நகலை இணைக்கச் சொன்னேன். சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "கோர்ட்லயும் அதச் சொல்லணுமா ஐயா?" என்று கேட்டார். முப்பது ஆண்டுகளாக வகுப்பறையில் வினாக்களுக்கு விடை சொல்லிப் பழகிய எனக்கு, அவ்வினாவுக்கு உடனே விடை வரவில்லை. மாணவர் சேர்க்கையின்போது அச்சான்றிதழை வாங்கிக் கோப்பில் வைக்கிறோம். அதைக் கொண்டு உதவித்தொகை வருகிறது. அதைக் காட்டிய மறுகணம் எதிரே இருப்பவரின் பார்வை மாறுவதையும் நம்மில் எத்தனையோ பேர் கண்டிருக்கிறோம். அந்தக் கூச்சத்தை இல்லையென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் பாட்டனார் கடனுக்காகப் பண்ணையாளாக இருந்தவர். அவர் பட்ட கடன் எவ்வளவு என்று அவருக்கே தெரியாது; பண்ணையாரின் வாயில்தான் கணக்கு இருந்தது. 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் அத்தகைய கடன்களையெல்லாம் ஒரே விதியில் அற்றுப்போகச் செய்தது. அதைக் கேட்டுப் பெறுவதற்கும் யாரோ ஒருவர் முதலில் அதிகாரியின் முன் போய்த் தம் நிலையைச் சொல்ல வேண்டியிருந்தது. இதைத்தான் அவரிடம் சொன்னேன். மறுநாள் சான்றிதழ் நகலோடு வந்தார். சான்றிதழ் காட்ட மனமில்லாத வீட்டில், பாதிக்கப்பட்டவர் பெண்ணாயின், பெண் என்ற ஒரு தகுதியே இவ்வுதவிக்குப் போதும் என்பதையும் தாய்மார்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைத் தடைசெய்யும் 2003ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் பலருக்கும் தெரியும். அதன்படி மூன்றாண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். மிரட்டிக் கடன் வசூலிப்பதைத் தடுக்க 2025ஆம் ஆண்டில் தமிழக அரசு மற்றொரு சட்டமும் இயற்றியிருக்கிறது. வங்கியின் வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் கடன் கேட்டு அழைக்கக்கூடாது என்பது 2022இல் ரிசர்வ் வங்கி இட்ட கட்டளை. பலர் முன்னிலையில் சாதிப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்தினால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. இவை தனியே ஒருநாள் பேச வேண்டியவை.

வழக்கு என்னவாயிற்று என்று அறிய அவையோர் விரும்புவீர்கள். 2023 ஆகஸ்டில் முறையீடு பதிவாயிற்று. சட்ட உதவி வழக்கறிஞர் ஓர் இளம்பெண்; எங்களைவிடப் பொறுமையுள்ளவர். ஒப்பந்தம், பணம் செலுத்திய வங்கிக் கணக்குப் பதிவு, "தவணை கட்டாதீர்கள்" என்று இடையாளர் அனுப்பிய கைப்பேசிச் செய்திகளின் அச்சுப்படி ஆகியவற்றை இணைத்தோம். அந்தச் செய்திகளே வழக்கைத் தாங்கின. மனம் வெறுத்து அவற்றை அழித்துவிட நினைத்தாராம், மகள்தான் தடுத்திருக்கிறாள். எதிர்த்தரப்பு அறிவிப்பைப் பெற்றுக்கொண்டும் வரவில்லை. எதிர்த்தரப்புக்கு அறிவிப்புக் கிடைத்து மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். பதிவிலிருந்து எங்களுக்குப் பதினைந்து மாதம் ஆயிற்று. 2024 நவம்பரில் ஆணையம், 32,000 ரூபாயை 9 விழுக்காடு வட்டியுடன் திருப்பித் தரவும், இழப்பீடாக 10,000 ரூபாயும் வழக்குச் செலவாக 3,000 ரூபாயும் தரவும் ஆணையிட்டது. உத்தரவு வந்தால் பணம் வந்துவிடும் என்று நினைத்தவன் நான். வரவில்லை. உத்தரவை மதியாதவருக்கு ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையோ 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமோ உண்டு என்னும் பிரிவின்கீழ் மறுபடியும் மனுப் போட்டபின் 20,000 ரூபாய் வந்தது. எஞ்சியதற்கு வாய்தா நடந்துகொண்டிருக்கிறது.

வங்கிக் கடன் மக்கள் நீதிமன்றத்துக்குப் போயிற்று. வங்கி கேட்ட 2,61,000 ரூபாய், 1,90,000 ரூபாய்க்குப் பத்துத் தவணையில் முடிந்தது. நிதி நிறுவனக் கடனை, மனைவி சுய உதவிக் குழுவில் பெற்ற பணத்தைக் கொண்டு முழுதுமே அடைத்தார்கள். கடைசித் தவணை கட்டிய அன்றே நிலுவையில்லாச் சான்று வாங்கிவரச் சொன்னேன், வாங்கிவந்தார். அன்று கேட்ட மாற்றுச் சான்றிதழை நான் கொடுக்கத்தான் செய்தேன். அதை அவள் செவிலியர் கல்லூரியில் கொடுத்துச் சேர்ந்தாள். உதவித்தொகை பெற்றுப் படித்துக்கொண்டிருக்கிறாள்.

கழகச் செயலாளரிடம் ஒரு வேண்டுகோள் வைத்தேன். அவரும் உடனே ஒப்புக்கொண்டார். வரும் மாதம் முதல், ஒவ்வொரு மாதமும் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, கழகத்தின் படிப்பகத்தில் நானும் வழக்கறிஞர் ஒருவரும் இருப்போம். கையெழுத்திடும் முன் எந்தக் கடன் தாளையும், எந்த ஒப்பந்தத்தையும் கொண்டுவரலாம். கடைசிப் பக்கம் வரை படித்துச் சொல்லுவோம். முன்பே கையெழுத்திட்டவர்கள் ரசீதுகளையும் சாதிச் சான்றிதழ் நகலையும் எடுத்து வாருங்கள். கைப்பேசியிலுள்ள செய்திகளை அழித்துவிடாமல் வாருங்கள்.